சங்கு குளிப்போரையும் அழையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

காலியில் அண்மையில் நடந்த கடல்சார் வரலாற்று மாநாடு ஒன்றுக்குச் சென்றிருந்தேன். 1659இல் காலித் துறைமுகத்திலேயே மூழ்கிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் அவொன்ட்ஸ்டர் கப்பல் பற்றியும், 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் போர்க்கப்பல் பற்றியும் நிகழ்ந்த உரைகள் பயனுள்ளவை. (அவொன்ட்ஸ்டரிலிருந்து அரும்பாடுபட்டு மீட்ட பொருட்கள் பலவற்றை 2004 ஆழிப்பேரலை மறுபடியும் கொண்டுபோனதைக் கேட்டபோது மனம் கனத்தது.)

ஆயினும் அரங்கைக் கட்டிப்போட்டது கொடவாய கப்பற்சிதைவே. அம்பாந்தோட்டை மாவட்டக் கரைக்கு அப்பால், ஏறத்தாழ 30 மீற்றர் ஆழத்தில், ஈராயிரம் ஆண்டளவாகக் கிடக்கும் அக்கப்பலில் கண்ணாடிப் பாளங்களும், அம்மியை ஒத்த, கால்கள் வைத்துச் செதுக்கிய அரைகற்களும் இருந்தன. கண்காட்சிப் படமொன்றில், அத்தகைய கல்லின்மேல் மீனும், காளைக் குளம்பின் தடத்தை ஒத்த பண்டைய மங்கலச் சின்னமான நந்திபாதமும் பொறித்திருப்பது தெளிவாகத் தெரிந்தது.

அக்கப்பற்சிதைவை முதலில் கண்டவர்கள் ஆய்வாளர்கள் அல்லர், சங்கு குளிக்கும் உள்ளூர் மீனவர்கள். அப்படியிருக்க, அத்தொழிலைச் சேர்ந்த ஒருவரேனும் மேடையேறாதது பெருங்குறை. கடலடியை அன்றாடம் காண்போருக்கு, எதைத் தொடலாகாது, கண்டதை எவரிடம் அறிவிப்பது என்பதைச் சிங்களத்திலும் தமிழிலும் விளக்காமல் சிதைவுகளைக் காக்க இயலாது. காவலற்ற இரும்புக் கப்பல்கள் பழைய இரும்பு விலைக்கே போகும். அடுத்த மாநாட்டை ஏற்பாட்டாளர்கள் மட்டக்களப்பில் நடத்தி, ஒரு நாள் அமர்வை மீனவர் சங்கங்களுக்கென ஒதுக்க வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
மட்டக்களப்பு.