பச்சை விளக்கு எரிந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சென்ற மாதக் கேள்வி-பதில் பகுதியில், ஈரோட்டு வாசகர் ஒருவர் தமது சாயப்பட்டறை ஆய்வகத்தில் துணியின் நிறத்தை அளந்து எண்ணாகச் சொல்லும் கையடக்க ஸ்பெக்ட்ரோ கருவி திடீரென்று ஆன் ஆகவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். தங்கள் நிபுணர் அளித்த பதில் இரண்டே வரி: "கருவியை நீங்களாக எதுவும் செய்யாமல் சேவை மையத்துக்கு அனுப்பவும். இத்தகைய பழுதுகள் பெரும்பாலும் பயன்படுத்துவோரின் கவனக்குறைவால் வருபவை." முதல் வரியைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவது வரியை எந்தக் கருவியைப் பார்த்துவிட்டு எழுதினார் என்று அறிய விரும்புகிறேன். கேட்டவர் கருவியின் வயதைச் சொல்லவில்லை, கருவி பேட்டரியில் நின்றதா அடாப்டரில் நின்றதா என்று நிபுணரும் விசாரிக்கவில்லை, ஆனால் குற்றவாளி யார் என்பது மட்டும் தீர்மானமாகிவிட்டது.

நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகப் பொறுப்பில் இருப்பவன். எங்களிடமும் இதே வேடிக்கை நடந்தது. ஐரோப்பிய ஆர்டர் ஒன்றுக்கு லேப் டிப் (ஆய்வகத்தில் சாயமேற்றிய மாதிரித் துணி) அனுப்ப வேண்டிய நெருக்கடியில், கருவியின் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் திரையில் ஒன்றும் வரவில்லை. சேவை மையத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, "அடாப்டர்ல பச்சை லைட் எரியுதா சார்?" என்று கேட்டார்கள். எரிகிறது என்றேன். "அப்போ அடாப்டர் நல்லாத்தான் இருக்கு, போர்டு போயிருக்கும், அனுப்பி வையுங்க" என்று முடித்துவிட்டார்கள். அடாப்டரையும் சேர்த்தே அனுப்பினோம். கூரியர், இன்ஷூரன்ஸ், பார்த்துச் சொல்வதற்கென்று ஒரு கட்டணம் எல்லாம் போக, மெயின் போர்டு மாற்ற வேண்டும் என்று மதிப்பீடு வந்தது. அந்தத் தொகையைப் பார்த்த எங்கள் முதலாளி கருவியைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்த பெட்டியைப் பிரித்தது, எங்கள் ஜெனரேட்டர் பேனலைப் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன். அடாப்டரின் முனையில் மல்டிமீட்டரை வைத்தார். மேலே அச்சிட்டிருந்தபடி சரியாக 12 வோல்ட் காட்டியது. சேவை மையத்தின் பரிசோதனை இதோடு நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். அவர் தம் பையிலிருந்து ஒரு பைக் இண்டிகேட்டர் பல்பை எடுத்து அதே முனையில் இணைத்தார். பல்பின் இழை மங்கலாகச் சிவந்தது, மீட்டர் நான்கு வோல்ட்டுக்கு இறங்கியது, அடாப்டரின் பச்சை விளக்கு மட்டும் ஒன்றுமே நடக்காதது போல் எரிந்துகொண்டிருந்தது. சும்மா இருக்கும்போது வோல்ட் காட்டி, சுமை ஏற்றினால் விழுந்துவிடும் அடாப்டர். உள்ளே மின்சாரத்தைத் தேக்கும் கெபாசிட்டர் காய்ந்திருக்கும் என்றார். அதே வோல்ட், அதே ஆம்பியர், உள்முனை நேர்மின், வெளிமுனை எதிர்மின் என்று பொருத்தம் பார்த்து வாங்கிய வேறு அடாப்டரில் செருகியதும் கருவி விழித்துக்கொண்டது. போன போர்டு எப்படிப் பிழைத்தது என்று சேவை மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை.

கருவியைத் திறக்கக்கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. செனான் ஃப்ளாஷ் விளக்கு உள்ள கருவிகளில், மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கும் என்பதும், உள்ளே ஒளியைப் பரப்பும் வெள்ளைக் கோளத்தில் விரல் பட்டால் அளவே மாறிவிடும் என்பதும் தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் திறக்காதே என்பது வேறு, எதையும் பார்க்காதே என்பது வேறு. அடாப்டர், வயர், பிளக் செருகும் துளை, கருவியை நிறுத்திச் சார்ஜ் ஏற்றும் தொட்டியின் பின்கள், பேட்டரி, மேசைக் கருவியானால் பின்பக்கச் சாக்கெட்டில் இருக்கும் ஃப்யூஸ் - இத்தனையும் உறைக்கு வெளியே இருப்பவை. இவற்றைப் பார்க்க ஸ்க்ரூ டிரைவர் கூடத் தேவையில்லை. இவற்றைத் தாண்டிய பிறகல்லவா போர்டைப் பற்றிப் பேச வேண்டும்?

கவனக்குறைவு என்ற சொல்லுக்கு வருகிறேன். ரியாக்டிவ் சாயம் போடும் இடத்தில் கிளாபர் உப்பும் சோடா சாம்பலும் ஆவியும் பனியன் துணியின் பஞ்சுத்தூளும் எப்போதும் காற்றில் இருக்கும். ஆய்வகத்துக்கு எத்தனை கண்ணாடிக் கதவு போட்டாலும், ஈரத் துணியோடு ஆள் உள்ளே வராமல் ஷேடு (நிறச் சாயல்) பார்க்க முடியாது. சார்ஜர் தொட்டியின் செம்புப் பின்களில் பச்சை படிவது அதனால்தான். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுத் துடைத்தால், 'செத்துப்போன' கருவிகளில் சில உயிர் பெறுகின்றன. எங்கள் பக்கத்துப் பட்டறையில் அப்படி ஒன்று பிழைத்ததை நானே பார்த்திருக்கிறேன். இதைக் கருவியோடு வரும் புத்தகம் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். "சுத்தமான, உலர்ந்த இடத்தில் பயன்படுத்தவும்" என்றுதான் சொல்கிறது. சாயப்பட்டறைக்கென்று விற்கும் கருவியை உலர்ந்த இடத்தில் வைக்கச் சொல்பவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பேட்டரி விஷயம் இன்னும் பழைய புண். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நொய்யல் படுகைச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதைத் தங்கள் இதழ் பக்கம் பக்கமாக எழுதியது, நானும் படித்தேன். பூட்டிய பட்டறைகளின் அலமாரிகளில் கிடந்த கருவிகள் என்ன ஆயின என்று யாரும் எழுதவில்லை. அக்காலத்துக் கையடக்கக் கருவிகள் பலவற்றில் இருந்தது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. அது சும்மா கிடந்தாலே வடிந்துவிடும். முழுக்க வடிந்து மாதக்கணக்கில் கிடந்தால் சக்தியைத் தாங்காது, சிலவற்றில் வெள்ளையாகக் கசிந்து பின்களையும் அரித்துவிடும். பட்டறை திறந்ததும் கருவியை ஆன் செய்ய முடியாதவர்கள் எங்கள் வட்டாரத்தில் பலர். அப்போதும் சொன்னது இதேதான்: போர்டு.

இப்போது வரும் லித்தியம் பேட்டரிக்கு வேறு குணம். மிகவும் இறங்கிவிட்டால் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று தானே துண்டித்துக்கொள்ளும். அப்போது மீட்டரில் பூஜ்யம்தான் காட்டும், கருவியும் பிணமாகவே கிடக்கும். கருவியோடு வந்த சார்ஜரிலேயே, கண் பார்வையில், சில மணி நேரம் விட்டு வைத்தால் பல நேரம் மீண்டுவிடும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் சார்ஜ் போடவே கூடாது, கழற்றி ஓரமாக வைத்துவிட வேண்டும். யூ.எஸ்.பி. வழியே சார்ஜ் ஆகும் கருவியைக் கணினியின் ஓர் ஓட்டைக்குள் செருகிவிட்டு ஏறவில்லை என்று அலுத்துக்கொள்பவர்களும் உண்டு. பழைய யூ.எஸ்.பி. 2.0 வாய் தருவது 500 மில்லி ஆம்பியர்தான், மலிவான ஹப் அதையும் பங்கு போட்டுவிடும். இவ்வளவையும் ஈரோட்டுக்காரருக்குச் சொல்ல எத்தனை வரி பிடித்திருக்கும்? எதிர்ப்பக்கத்தில் புதிய மாடல் ஸ்பெக்ட்ரோவின் முழுப்பக்க வண்ண விளம்பரத்துக்குக் கிடைத்த இடத்தில் கால் பங்கு போதும்.

மேசைக் கருவிகளின் கதியைச் சொல்லாமல் விட மனமில்லை. மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2012-இல் ஒரு நாளில் எத்தனை முறை மின்வாரிய இணைப்பிலிருந்து ஜெனரேட்டருக்கு மாறினோம் என்று எண்ணியவர் இல்லை. ஒவ்வொரு மாற்றத்திலும் வரும் துள்ளலை வாங்கிக்கொண்டு முதலில் விழுவது, வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் சின்ன டிராயரில் இருக்கும் கண்ணாடி ஃப்யூஸ். அதை வெளியே இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே தெரியும். அதே ஆம்பியர் அளவுள்ள ஃப்யூஸ் மாற்ற வேண்டுமே தவிர, அவசரத்துக்கு வெள்ளிக் காகிதம் சுற்றக்கூடாது, மாற்றியதும் மீண்டும் போனால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். நிபுணர் இதையாவது எழுதியிருந்தால், ஒரு ஃப்யூஸுக்காகக் கனமான கருவியைக் கோவைக்கு ஏற்றிச் செல்லும் செலவு யாருக்கோ மிஞ்சியிருக்கும்.

கருவி ஊரில் இல்லாத நாட்களில் ஆய்வகம் என்ன ஆகும் என்பதைச் சேவை மையம் யோசிப்பதில்லை, இதழ்களும் யோசிப்பதாகத் தெரியவில்லை. பையர், அதாவது துணி வாங்கும் நிறுவனம், கேட்பது டி65 என்ற பகல் வெளிச்சத் தரத்தில், சி.எம்.சி. 2:1 என்ற சூத்திரக் கணக்கில், டெல்டா ஈ என்ற நிற வேறுபாட்டு எண் 1-க்குள். அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டியான லைட் பாக்ஸ் முன்னால் நேவியும் டர்காய்ஸும் மாற்றி மாற்றிப் பார்த்துக் கண் களைத்த பிறகு நாம் 'ஓகே' சொல்லும் லாட்டை (ஒரே தடவையில் சாயமேற்றிய துணித் தொகுதியை), அங்கே அவர்கள் கருவி எண்ணைக் காட்டி நிராகரிப்பார்கள். பக்கத்துப் பட்டறையில் கருவியை இரவல் வாங்கலாமே என்பார்கள் சிலர். எல்லாப் பக்கமிருந்தும் ஒளி பாய்ச்சும் கோள வகைக் கருவியில் எடுத்த ஸ்டாண்டர்டை (ஒப்பிடுவதற்கான மூல அளவை), 45 டிகிரியில் ஒளி பாய்ச்சி நேராகப் பார்க்கும் 45/0 வகைக் கருவியில் ஒப்பிட்டால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. ஒரே வகையாக இருந்தாலும் இரண்டு கருவிகளுக்கிடையே சிறு வேறுபாடு இருக்கும், பாஸ்-ஃபெயில் எல்லையில் நிற்கும் ஷேடுக்கு அதுவே போதும் தலைவலிக்கு. சரி, கருவி மீண்டும் ஆன் ஆகிவிட்டது என்றால் உடனே லாட்டை வைத்துவிடலாமா என்றால், அதுவும் முடியாது. வெள்ளை டைலிலும், ஒளி திரும்பாத கருங்குழியிலும் காலிபரேஷன் (அளவைச் சரிப்படுத்துதல்) முடித்து, முன்பே எண் தெரிந்த பச்சை டைலை அளந்து பார்த்து, பழைய எண்ணோடு ஒத்துவருகிறதா என்று உறுதி செய்த பிறகுதான். இதைச் சொல்லாமல் கருவியைத் திருப்பிக் கொடுக்கும் சேவை மையங்களை நான் அறிவேன். அவர்களுக்குக் கவனக்குறைவு என்ற பட்டம் கொடுக்கத் தங்கள் நிபுணருக்கு ஏனோ தோன்றவில்லை.

இதற்கு முன்பும், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் அடாப்டரும் பேட்டரியும் சேராது என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பதைப் பற்றித் தங்களுக்கு எழுதினேன். ஆன் ஆகாத கருவிகளில் முதலில் போவது அந்த இரண்டும்தான் என்பதையும் அதில் சுட்டிக்காட்டியிருந்தேன். பிரசுரமாகவில்லை. இடப் பற்றாக்குறை இருந்திருக்கும், புரிந்துகொள்கிறேன். மறு மாத இதழில் அதே வகைக் கருவியின் 'சிறப்பம்சங்கள்' ஆறு பக்கம் வந்திருந்தன.

தங்கள் நிபுணர் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அவ்வளவு பெரியவரிடம் அதை எதிர்பார்ப்பது முறையாகாது. கருவி ஆன் ஆகாதபோது உறைக்கு வெளியே எதை எந்த வரிசையில் பார்ப்பது, எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு சேவை மையத்துக்கு அனுப்புவது என்று அரைப் பக்கம் தமிழில், ஆய்வகச் சுவரில் வெட்டி ஒட்டும்படி, அடுத்த இதழில் அச்சிட்டால் போதும். நிபுணருக்கு நேரம் இல்லையென்றால் நானே எழுதி அனுப்புகிறேன், சன்மானம் வேண்டாம். ஈரோட்டு வாசகருக்கும் ஓர் இதழ் அனுப்பிவைத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
திருப்பூர்.