52-க்கு 48

அன்புள்ள பாப்பா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். போக்கர் டோர்னமென்ட் தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. உன் கையில் ஜோடி ரெண்டு. எதிரே இருந்தவர் ஆல்-இன், அதாவது எல்லாவற்றையும் வைக்கிறேன் என்று தன் பந்தய வில்லைகளை, சிப்ஸை, தள்ளும்போது சீட்டு புரண்டு, ஹார்ட் ஏஸும் ஸ்பேடு கிங்கும் தெரிந்துவிட்டன. "ஜெயிக்கிற பக்கம் நான்தான் என்று தெரிந்தும் ஃபோல்டு பண்ணி விலகிவிட்டேன், தப்பா அம்மா?" என்று கேட்டிருக்கிறாய்.

தப்பில்லை. ஆனால் அதற்கு நீ சொன்ன காரணம் எனக்குப் பிடிக்கவில்லை. "இன்னும் நல்ல கை வரும்" என்று எழுதியிருக்கிறாய். வரலாம். வந்தால் அது எவ்வளவு தரும், காத்திருக்க உனக்கு அவகாசம் இருக்கிறதா, இதையெல்லாம் எண்ணிப் பார்த்தாயா?

நாம் எண்ணிப் பார்ப்போம். ஒவ்வொரு கையிலும் சீட்டு வருமுன் இரண்டு பேர் கட்டாயமாக வைப்பது பிளைண்டு; பெரியது பிக் பிளைண்டு, சிறியது அதில் பாதி. உன் முன்னால் 50 பிக் பிளைண்டு அளவு சிப்ஸ் இருந்தது. அந்தக் கையை நூறு தடவை ஆடினால் சுமார் 52 தடவை உனக்கு. ஜெயித்தால் 100, தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சராசரி 52. அதாவது உன் மொத்த உயிரையும் வைத்து நீ எதிர்பார்க்கும் லாபம் 2 பிக் பிளைண்டு. நடுவில் கிடந்த பிளைண்டுகளைச் சேர்த்தாலும் மூன்றைத் தொடாது. பிளைண்டு வைத்தவர்களுக்கு முன்னால் கடைசியாக ஆடும் இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, பந்தயத்தை ஏற்றி மற்றவர்களை ஃபோல்டு பண்ண வைத்து இரண்டு தடவை பிளைண்டைத் திருடினால் அதே மூன்று வந்துவிடும். அதற்கு நீ ஒவ்வொரு தடவையும் பணயம் வைப்பது இரண்டரை பிக் பிளைண்டுதான். அந்த மேசையில் உனக்கு அப்படித் திருடத் தெரியும் என்றால் ஃபோல்டு சரி.

"தெரியும் என்றால்" என்பதில்தான் நிறையப் பேர் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். 128 பேர் ஆடும் டோர்னமென்ட், பரிசு முழுவதும் ஒருவருக்கே என்று வைத்துக்கொள். ஜெயிக்க உன் சிப்ஸை ஏழு தடவை இரட்டிப்பாக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றால் நீ 128-ல் ஒருத்தி, 0.78 சதவீதம். அதையே 52 ஆக்கினால் 1.03. 55 ஆக்கினால் 1.52, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! 60 ஆக்கினால் மூன்றரை மடங்கு. இப்போது திருப்பிப் பார். 52 சதவீத வாய்ப்பை விடுகிறவள், "இந்தக் கூட்டத்தில் சராசரி ஆளைவிட நான் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக ஜெயிப்பேன்" என்கிறாள். நல்ல ஆட்டக்காரி அப்படிச் சொல்லலாம். 60-ஐ விடுகிறவள் மூன்றரை மடங்கு என்கிறாள். அவ்வளவு பெரிய ஆட்டக்காரியாக நான் இருந்ததில்லை. நீயும் இன்னும் ஆகவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

சிப்ஸ் குறைந்துவிட்டால் இந்தப் பேச்சே மாறிவிடும். பத்து பிக் பிளைண்டோடு உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றும் பிளைண்டாக ஒன்றரையைப் பிடுங்கிக்கொண்டு போகும். பிளைண்டுக்கு மேல் வசூலிக்கும் ஆன்டேயும் இருந்தால் இன்னும் அதிகம். அப்போது கொஞ்சூண்டு சாதகமாக இருந்தாலும் எடுத்துவிட வேண்டும்.

பரிசு எல்லை நெருங்கும்போது இதற்கு நேர் எதிர். பதினொரு பேர் மிச்சம், பத்துப் பேருக்கு பெரிய டோர்னமென்டுக்கு ஒரே மாதிரி டிக்கெட்தான் பரிசு என்று இருக்கும்போது, உன்னிடம் சிப்ஸ் நிறைய இருந்து, உன்னை வெளியேற்றக்கூடிய அளவு சிப்ஸ் உள்ள ஒருவர் ஆல்-இன் போட்டால், ஜோடி ஏஸைக்கூட ஃபோல்டு பண்ணிவிடலாம். கூடுதல் சிப்ஸுக்கு அங்கே மதிப்பே இல்லை.

நேரடியாகப் பணத்துக்கே ஆடும் கேஷ் கேம் வேறு. தோற்றால் மறுபடி சிப்ஸ் வாங்கி உட்காரலாம் என்பதால், மேசைக்காரர்கள் எடுத்துக்கொள்ளும் ரேக் போக மிஞ்சும் சாதகம் எவ்வளவு சின்னதானாலும் விடக்கூடாது. ஒரே நிபந்தனை, பின்னால் பணம் இருக்க வேண்டும். 1956-ல் பெல் ஆய்வகத்தில் ஜான் கெல்லி, எவ்வளவு பணயம் வைக்கலாம் என்று ஒரு கணக்கைச் சொன்னார். வாய்ப்பு 52-க்கு 48, ஜெயித்தால் வருவதும் தோற்றால் போவதும் ஒரே தொகை என்றால், மொத்தப் பணத்தில் 4 சதவீதம் வைக்கலாம். அதைப் போல இரண்டு மடங்கு வைத்தால் பணம் வளராது. அதற்கும் மேலே போனால், சாதகம் உன் பக்கம் இருந்தாலும் பணம் கரையும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். உனக்கு அப்போது நான்கு வயது. என்னிடம் இருந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கோடு ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஜோடி ராணி வந்தது. எதிரே இருந்தவர் எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார். ஏஸ்-கிங்தான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது, 100-க்கு 57 என் பக்கம். சிப்ஸ் அடுக்கின் மேல் வைத்த விரலை எடுக்க முடியவில்லை. கீழே இருந்த சிப்ஸ் லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. அப்புறம் ராணிகளைக் கவிழ்த்துத் தள்ளினேன். வெளியே வந்து பொறுமை என்று அதற்குப் பெயர் வைத்தேன். பல மாதம் கழித்துத்தான் கெல்லி கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 57-க்கு 14 சதவீதம்தான் வைக்கலாம், நான் வைக்க இருந்தது 33. ஃபோல்டு சரிதான், உட்காரும்போதே தப்பு நடந்துவிட்டது.

உன் கடிதத்திலும் "கை நடுங்கியது" என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அந்த நுழைவுக் கட்டணம் போனால் உனக்கு எந்தச் செலவு இடிக்கும் என்று மறைக்காமல் எழுது.

இன்னொன்று. கடைசியில் ஏஸ்-பத்தை ஃபோல்டு பண்ணியதாக ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். அப்போது உன் முன்னால் எத்தனை பிக் பிளைண்டு இருந்தது, பரிசுக்கு எத்தனை பேர் பாக்கி, எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாய்? மூன்றையும் எழுது. நானும் கணக்குப் போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா