நீ கேட்ட பூங்காக்களும் என் மதிப்பெண்களும்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நியூஜெர்சியில் பேத்தி பிறந்திருக்கிறாள், அக்டோபரில் நீயும் தங்கச்சியும் விமானம் ஏறப் போகிறீர்கள் என்ற இரண்டு செய்திகளையும் வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். தாயும் சேயும் நலமாக இருக்கட்டும். ராச்செஸ்டரில் நாங்கள் சுகம். எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இலைகளின் நிறம் பழையபடி துல்லியமாகத் தெரிகிறது. பேரன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டதால் வீட்டில் சத்தம் குறைந்துவிட்டது. மகள்தான் அவன் அறையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

குழந்தையைக் கொஞ்சியது போக ஒரு வாரம் மிச்சமிருக்கும், நியூயார்க் மாநிலப் பூங்காக்களில் எதைப் பார்க்கலாம், எதை விடலாம் என்று மார்க் போட்டு அனுப்பு என்று எழுதியிருந்தாய். இந்த மாநிலத்தில் ஏறத்தாழ 180 மாநிலப் பூங்காக்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒருவன் பார்த்து முடிக்க முடியாது. எனக்கு நன்றாகப் பழகியவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் நான் எப்படி மார்க் போடுகிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மலையும் ஆறும் அருவியும் பூங்கா நிர்வாகம் செய்து வைத்தவை இல்லை. அவற்றுக்காக ஒரு பூங்காவுக்கு மதிப்பெண் கொடுத்தால் ஓடுகிற ஆற்றுக்காகப் பொதுப்பணித் துறையைப் பாராட்டுவது போலாகும். அந்தக் காட்சியிடம் சாதாரண மனிதனை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள், வயதானவருக்கும் குழந்தைக்கும் வழி வைத்திருக்கிறார்களா, சேர்த்த இடத்தை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்பதுதான் என் கணக்கு. அதனால் காட்சிக்குப் பத்துக்கு இத்தனை, வழிக்கும் வசதிக்கும் பத்துக்கு இத்தனை என்று இரண்டு எண்கள் போடுகிறேன். இரண்டாவது எண்தான் எனக்கு முக்கியம். இத்தனை வருடம் மதகும் சாலையும் பார்த்த நீ இதை ஒப்புக்கொள்வாய் என்று நினைக்கிறேன்.

அந்தக் கணக்கில் முதலிடம் வாட்கின்ஸ் கிளெனுக்கு. காட்சிக்கு 9, வழிக்கு 10. செனகா ஏரியின் தென் முனையில் ஒரு சிறிய ஊர். ஊரின் கடைத்தெருவிலேயே பூங்காவின் வாசல். உள்ளே நுழைந்த சில நிமிடங்களில் இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழுந்து வானம் ஒரு கீற்றாகிவிடும். பனியுகத்தில் பனிப்பாளங்கள் ஏரியின் பள்ளத்தை ஆழமாகக் குடைந்துவிட்டன. பக்கத்திலிருந்து வந்த ஓடை மேலேயே தொங்கலாக நின்றுபோனது. கீழே இறங்க வேண்டி, சுமார் 12,000 ஆண்டுகளாக அது பாறையை அறுத்துக்கொண்டு வருகிறது. பாறை ஒரே மாதிரியானது இல்லை. ஏடு ஏடாக உதிரும் களிப்பாறை ஓர் அடுக்கு, அதைவிட உறுதியான மணற்கல் ஓர் அடுக்கு என்று மாறி மாறி இருப்பதால் தண்ணீர் ஓரிடத்தில் தாவுகிறது, ஓரிடத்தில் வழுக்கிக்கொண்டு வருகிறது, ஓரிடத்தில் சுழன்று வட்டக் குழி தோண்டுகிறது. அந்தக் குழிகளைப் பார்த்ததும் உனக்குக் குற்றால அருவிக்கு நடுவிலுள்ள பொங்குமாங்கடல் ஞாபகம் வரும். ஒன்றரை மைல் நடைக்குள் 19 அருவிகள், 832 படிகள்.

நான் சொல்ல வந்தது படிகளைப் பற்றித்தான். 1935-இல் பெருவெள்ளம் வந்து அங்கிருந்த பழைய நடைபாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. அதற்கு முன் கான்கிரீட்டும் இரும்புக் கம்பிகளுமாக இருந்த வழி அது. மறுபடி கட்டியவர்கள் அந்தப் பள்ளத்தாக்கின் நிறத்துக்கே பொருந்தும்படி கல்லில் கட்டினார்கள். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1933-இல் தொடங்கிய வேலைப் படையின் இளைஞர்கள் அவர்கள். பெருமந்தக் காலத்தில் வேலையில்லாமல் நின்ற பையன்களைச் சேர்த்து, மாதம் 30 டாலர் சம்பளம் கொடுத்து, அதில் 25 டாலரை வீட்டுக்கு அனுப்பிவைத்த திட்டம். காட்டில் மரம் நட்டார்கள், பாலம் கட்டினார்கள், இப்படிப் படியும் போட்டார்கள்.

நீ வரும்போது ஓரிடத்தில் குனிந்து பார். கைப்பிடிச் சுவரின் கற்கள் தட்டையாக, மெலிதாக, பக்கத்துப் பாறையின் அடுக்குகளுக்கு இணையாகவே கிடத்தப்பட்டிருக்கும். சுவர் எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று சட்டென்று பிரிக்க முடியாது. பாதை இரண்டு இடங்களில் அருவிக்குப் பின்னாலேயே போகிறது. வானவில் அருவி என்று பெயர் பெற்ற இடத்தில் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையிலிருந்து நூல் நூலாகத் தண்ணீர் விழும். உள்பக்கச் சுவரெல்லாம் பாசியும் பெரணியும். காலுக்கு அடியில் கல் எப்போதும் ஈரம். ஆனால் தேங்கி நிற்கிற தண்ணீர் மிகக் குறைவு. ஒரு கொத்தனார் அன்று கவனம் வைத்துச் சாய்வு கொடுத்ததன் பலனை இன்றைக்கும் இலட்சக்கணக்கானவர்கள் அனுபவிக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

குளிர்காலத்தில் அந்தப் பாதையை மூடிவிடுவார்கள். பாறை இடுக்கில் புகுந்த தண்ணீர் உறைந்து விரிந்து கல்லைப் பிளக்கும். வசந்தத்தில் கயிற்றில் தொங்கியபடி ஆட்கள் இறங்கி, ஆடும் கற்களைத் தட்டி விழவைத்த பிறகுதான் வாசல் திறக்கும். வருடா வருடம் செய்யும் இந்தப் பராமரிப்புக்குத்தான் அந்த முழு மதிப்பெண்.

அடுத்தது லெட்ச்வர்த். காட்சிக்கு 10, வசதிக்கு 8. எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஜெனசீ ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடி, 17 மைல் நீளமான பூங்காவுக்குள் மூன்று பெரிய அருவிகளாக இறங்குகிறது. சில இடங்களில் ஆற்றின் இருபுறமும் பாறைச் சுவர் 550 அடிக்கும் மேல். கிழக்கின் கிராண்ட் கேன்யன் என்று இதை அழைக்கிறார்கள். எனக்கு அந்தப் பட்டப் பெயர் பிடிப்பதில்லை. அரிசோனாவின் கிராண்ட் கேன்யனில் வறண்ட செம்பாறை, இங்கே காடு அடர்ந்த பச்சைப் பள்ளத்தாக்கு. இதற்கு இதன் பெயரே போதும்.

அந்தப் பெயர் வந்த கதை உனக்குப் பிடிக்கும். வில்லியம் பிரையர் லெட்ச்வர்த், பஃபலோ நகரத்து வியாபாரி. மரம் வெட்டி மொட்டையாகக் கிடந்த இந்த இடத்தை 1859-இல் வாங்கத் தொடங்கி, மரம் நட்டுக் காடாக்கினார். பிறகு ஆற்றின் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்டும் திட்டம் வந்தது. தன் காலத்துக்குப் பின் அருவிகள் மூழ்கிவிடுமோ என்ற கவலையில் 1906-இல் ஆயிரம் ஏக்கரை மாநிலத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் குடியிருந்த வீடு நடு அருவிக்கு எதிரே இன்று விடுதியாக இருக்கிறது. அவருக்கும் முன்னால் இது செனகா என்ற பழங்குடி மக்களின் மண். அவர்களுடைய பழைய மன்றக் கட்டடம் ஒன்றைக் கொண்டுவந்து காத்து வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரக் குடும்பத்துச் சிறுமியாகப் பிடிபட்டு, செனகா மக்களோடே வாழ்ந்து, திரும்பிப் போக மறுத்துவிட்ட மேரி ஜெமிசனின் கல்லறையும் அருகில் இருக்கிறது. காரை நிறுத்தி அருவியைப் படம் எடுத்துக்கொண்டு ஓடுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். நாம் தவறவிடக் கூடாது.

உனக்காகவே இரண்டு இடங்கள் வைத்திருக்கிறேன். ஒன்று, மேல் அருவிக்கு மேலே போகும் ரயில் பாலம். 1852-இல் மரத்தில் கட்டியது 1875-இல் எரிந்துபோனது. அதே வருடம் இரும்புப் பாலம் எழுந்தது. அதற்குப் பதிலாக 2017-இல் திறந்த எஃகு வளைவுப் பாலத்துக்கு ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. கரைப் பாறையிலிருந்து கரைப் பாறைக்கு ஒரே தாவல். அதன் மேல் சரக்கு ரயில் போகும்போது கீழே அருவியும் சேர்ந்து தெரியும் காட்சி முனை ஒன்று உண்டு. இன்னொன்று, பூங்காவின் வட முனையில் 1952-இல் முடிந்த மௌண்ட் மாரிஸ் அணை. வெள்ளத் தடுப்புக்கு மட்டுமே கட்டியது. சாதாரண நாளில் நீர்த்தேக்கம் ஏறக்குறைய காலியாகக் கிடக்கும். 1972-இல் ஆக்னஸ் புயல் வந்தபோது கிட்டத்தட்ட விளிம்புவரை நிரம்பி, ராச்செஸ்டரைக் காப்பாற்றியது. நீயும் நானும் அங்கே நின்றால் தங்கச்சி நம்மை இழுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கென்று அமைத்த ஒரு மைல் நடைபாதையும் 2021 முதல் அங்கே இருக்கிறது. சத்தம் தாங்காத குழந்தை ஒதுங்கி உட்காரத் தனி இடங்கள் வைத்திருக்கிறார்கள். இப்படி யோசித்துச் செய்த பூங்காவுக்கு 10 கொடுத்திருக்க வேண்டும். இரண்டைக் குறைத்ததற்குக் காரணம், காரில்லாதவர் அங்கே போவது ஏறக்குறைய இயலாது. தென்காசியில் ரயிலை விட்டு இறங்கிப் பஸ் ஏறினால் குற்றாலம் வந்துவிடுகிறது. பொதுமக்களின் சொத்துக்குப் பொதுமக்களின் வண்டி போக வேண்டாமா? ராச்செஸ்டரில் கார் வாங்க வசதியில்லாத எத்தனையோ குடும்பங்களுக்கு, ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் இந்த இடம் எட்டாத இடம்.

நயாகராவுக்கு காட்சிக்கு 10, வசதிக்கு 7. கூட்டமும் பார்க்கிங் கட்டணமும் படகு டிக்கெட் வரிசையும் அங்கே ஆளைச் சோர்வாக்கும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஒரு காலத்தில் அருவியின் அமெரிக்கக் கரை முழுவதும் ஆலைகளும் வேலிகளுமாகத் தனியார் கையில் இருந்தது. காசு கொடுக்காமல் அருவியைப் பார்க்க இடமில்லை. அதை எதிர்த்துப் பலர் வருடக்கணக்கில் வாதாடி, மாநிலமே நிலத்தை வாங்கி 1885-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அமெரிக்காவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா அது. இன்றும் நடந்து போய்ப் பார்ப்பவரிடம் நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை. அதை வடிவமைத்த ஓம்ஸ்டெட்டும் வாக்ஸும் கட்டடங்களை அகற்றி மரங்களையும் நடைவழிகளையும் மட்டும் விடச் சொன்னார்கள். கோட் தீவைத் தாண்டி மூன்று சகோதரிகள் தீவுக்குப் போனால் அந்த எண்ணம் புரியும். அருவிக்கு முன்னால் ஆறு கொதித்துக்கொண்டு வருவதைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். பெரும்பாலும் கூட்டமிருக்காது. பாதி நாளை அங்கேயே செலவிடுவோம்.

தங்கச்சியின் முழங்காலுக்கு ஏற்றது டகானக். காட்சிக்கு 8, வழிக்கு 9. முக்கால் மைல் சமதளப் பாதை. வழியில் படியே இல்லை என்று சொல்லலாம். முடிவில் 215 அடி உயரத்திலிருந்து ஒரே வீழ்ச்சியாக விழும் அருவி, நயாகராவைவிட 33 அடி அதிகம். அக்டோபரில் தண்ணீர் மெலிந்திருக்கக்கூடும். மழை பெய்த மறுநாளாகப் பார்த்துப் போகலாம்.

அருவி என்றால் குளிக்க முடியுமா என்றுதான் நீ முதலில் கேட்பாய். குற்றாலத்து ஆள் வேறென்ன கேட்பான்! இங்கே பெரும்பாலான இடங்களில் தண்ணீரில் கால் வைக்கவே தடை. இத்தக்கா ஊருக்கு அருகே ராபர்ட் ட்ரீமன் பூங்காவில் கீழ் அருவியின் அடியிலேயே நீந்த விடுகிறார்கள். உயிர்காப்பாளர் நிற்கும் கோடை மாதங்களில் மட்டுமே அனுமதி. தண்ணீர் பல்லைக் கிட்டவைக்கும் குளிர்ச்சி. நீ வரும்போது மூடியிருக்கும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு புறப்பட்டுவிடாதே. அடுத்த முறை ஜூலையில் வா. நியூயார்க் நகரத்தின் பக்கமுள்ள ஹாரிமன் பூங்காவை உன் மகனோடே பார்த்துக்கொள்ளலாம், நியூஜெர்சியிலிருந்து கிட்டம்.

செலவைப் பற்றிக் கவலைப்படாதே. நுழைவுக்கு ஆள் கணக்கு இல்லை, கார் கணக்குத்தான். வருட அட்டை என்னிடம் இருக்கிறது. இங்கே பல பொது நூலகங்கள் அந்த அட்டையைப் புத்தகம் போல இரவல் தருகின்றன என்பதையும் உன் மகனிடம் சொல்லிவை.

இனி நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். இலைகள் நிறம் மாறி உச்சத்தில் இருப்பது அக்டோபர் நடுவில். அந்த நாட்களுக்கு லெட்ச்வர்த் விடுதி அறைகளையும் மரக் குடில்களையும் மாதக்கணக்கில் முன்பே பிடித்துவிடுகிறார்கள். சனி ஞாயிறில் வாசலில் கார் வரிசை நீளும், ஆகையால் திங்களிலிருந்து வியாழனுக்குள் வருகிற மாதிரி தேதி பார். விமான டிக்கெட் போட்டதும் எனக்கு எழுது. அன்றைக்கே அறை பார்க்கிறேன். ஈரக் கல்லில் வழுக்காத அடிப்பாகமுள்ள காலணி இருவருக்கும் வேண்டும். ஊரிலேயே வாங்கி, வீட்டுக்குள் சில நாள் நடந்து பழகிக்கொள்ளுங்கள்.

தங்கச்சிக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் எங்கள் அன்பு. பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதவே மறந்துவிட்டாயே!

அன்புடன்,
உன் நண்பன்