சின்னவனைச் சோற்றால் அளக்காதே

யாழ்ப்பாணம்

அன்பு மகளுக்கு,

சின்னவனின் நிறை வயதுக்கு மிஞ்சிவிட்டது என்று வைத்தியர் சொன்னதிலிருந்து நீ அவனுக்குச் சோற்றை அளந்து போடுகிறாயாம். மருமகன் சொன்னார். வேண்டாம் பிள்ளை, அவன் வளருகிற பிள்ளை. நிறை மேலும் ஏறாமல் பார்த்தாலே, உயரம் கூடக்கூடச் சரிவருவது உண்டு. வைத்தியரிடம் அதையும் கேள். சோடாவையும் பெட்டி யூசையும் நிறுத்து, அது போதும்.

எனக்குப் பிழையாகத் தெரிவது அவனுடைய பொழுதுதான். பஸ்ஸில் பள்ளிக்கூடம், வந்ததும் கணக்கு வகுப்பு, சனிக்கிழமை தமிழ், ஞாயிறு மிருதங்கம். எல்லாம் குந்தியிருந்து செய்கிற வேலை. வீட்டுக்குள் துள்ளினால் கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு. மார்கழியில் ரொறன்ரோவில் ஐந்து மணிக்கு முதலே இருட்டிவிடும். நீங்கள் வேலையால் வர ஏழு. அவன் எப்போது ஓடுவது? ஐந்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இங்கே எல்லாம் திறம் என்று நினைக்காதே. இங்கும் பள்ளிக்கூடம் விட்டால் ரியூசன், ரியூசன் விட்டால் போன்.

ஆனால் நல்லூர்த் திருவிழாவுக்கு நீங்கள் வந்து நின்றபோது பின்வளவில் கிளித்தட்டுக்குக் கோடு கீறினார்களே, நீ பார்த்தாயா? கிளியாய் நின்ற பெரிய பெடியன் ஒரு பக்கம் பாய, இவன் மற்றப் பக்கத்தால் நழுவிக் கடைசித் தட்டுக்கே போய்விட்டான். உடம்பெல்லாம் மண். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. அன்று பின்னேரம்தான் சொந்தக்காரி ஒருத்தி முகத்துக்கு நேரே அவனைக் ‘குண்டன்’ என்றா. அதற்குப் பிறகு அவன் சேட்டைக் கழற்றாமல்தான் கிணற்றடியில் குளித்தான். அப்படிக் கதைப்பவர்களின் வாயை நீதான் அடைக்க வேண்டும்.

நிறையைவிட எனக்குச் சலரோகப் பயம். அப்பா மெலிந்த மனிதர், அவருக்கே வந்தது. நம்மைப் போன்ற தெற்காசியருக்கு மற்றவர்களைவிடக் குறைந்த நிறையிலேயே அது வரும். ஆகவே மெலிந்தவள்தானே என்று மூத்தவளை வீட்டுக்குள் இருத்தாதே. பெரியபிள்ளை ஆகிவிட்டாள் என்ற கதையும் வேண்டாம்.

படிப்புக் கெட்டுவிடும் என்பாய். 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்ந்து இலங்கைக்குத் தங்கம் கொண்டுவந்த எதிர்வீரசிங்கம் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கலாநிதிப் பட்டமும் எடுத்தவர்.

கணக்கு வகுப்பை நிறுத்து. கணக்கை மருமகன் சொல்லிக் கொடுக்கட்டும். மாநகரசபை நிலையங்கள் சிலவற்றில் வகுப்புகள் இலவசம். இரண்டு பேரையும் நீச்சலுக்குச் சேர்த்துவிடு. அங்கே சேட்டோடு இறங்க விடுவார்களா என்று முதலே கேட்டு வை, அவன் கேட்கமாட்டான்.

எந்த நாள், எத்தனை மணிக்கு என்று எழுது. அந்த நேரம் நான் போன் எடுக்கமாட்டேன்.

அம்மா