ஆயுட்கால வரி கட்டிய ரசீதைத் தராமல் இழுத்தடிப்பது தொடர்பான புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
கார் விற்பனை நிறுவனம், சென்னை.

பொருள்: புதிய காருக்கான ஆயுட்கால வரி ரசீதும் நிரந்தரப் பதிவெண்ணும் வழங்கப்படாமை.

ஐயா,

தங்கள் ஷோரூமில் நான் வாங்கிய காருக்கு வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு விலை முழுவதையும், வங்கிக் கடன் தொகை உட்பட, டெலிவரிக்கு முன்பே செலுத்திவிட்டேன். தாங்கள் தந்த விலைப்பட்டியலில் அரசுக்கு ஒரே தடவையாகக் கட்ட வேண்டிய ஆயுட்கால வரி தனி இனமாகக் காட்டப்பட்டிருக்கிறது. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரையிலான கார்களுக்குத் தமிழ்நாட்டில் 18 விழுக்காடு வரி என்பதால், இந்த ஒரு இனத்துக்கு மட்டும் ஏறக்குறைய இரண்டு லட்சம் ரூபாயைத் தாங்கள் என்னிடம் பெற்றிருக்கிறீர்கள். அந்தப் பணம் அரசுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு இன்றுவரை ஒரு துண்டுச் சீட்டுகூட என் கையில் இல்லை.

கேட்கும்போதெல்லாம் "ரசீது வந்துகொண்டிருக்கிறது சார்" என்ற ஒரே பதில்தான் கிடைக்கிறது. இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பதிவுச் சான்றான ஆர்சி அட்டை வரத் தாமதமாகிறது என்றால் புரிந்துகொள்வேன். 2024 பிப்ரவரி முதல் அது விரைவுத் தபாலில்தான் உரிமையாளரின் வீட்டுக்கு அனுப்பப்படுகிறது. வரி ரசீது அப்படியல்ல. வாகனப் பதிவுக்கான அரசின் 'வாகன்' இணையதளத்தில் வரி செலுத்தி முடித்ததும் ரசீது அங்கேயே உருவாகிவிடும், அதை அச்செடுத்துக் கொடுத்தால் போதும். அப்படியிருக்க, எங்கிருந்து எது வந்துகொண்டிருக்கிறது? வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்துள்ள சேசிஸ் எண்ணைக் கொடுத்து விசாரித்தபோது, இந்த வண்டிக்கு வரி செலுத்தியதாகப் பதிவே இல்லை என்று தெரிவித்தார்கள். ஆகவே ரசீது தாமதமாகவில்லை, வரியே கட்டப்படவில்லை என்ற முடிவுக்குத்தான் நான் வர வேண்டியிருக்கிறது.

வரி கட்டினால்தான் கிடைக்கும் நிரந்தரப் பதிவெண்ணுக்காகக் காத்திருந்து, தற்காலிகப் பதிவு நடப்பில் இருந்த நாட்களில் ஒரகடத்தில் உள்ள என் அலுவலகத்துக்கு இந்தக் காரில்தான் சென்று வந்தேன். ஒரு நாள் காலை வாகனச் சோதனையில் நிறுத்திய போக்குவரத்துக் காவலர், மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்த எண்ணை நிமிர்ந்து பார்த்துவிட்டு (மழையில் நனைந்து அதன் ஒரு மூலை பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது), தற்காலிகச் சான்றில் தேதியை விரலால் தொட்டுக் காட்டி, "இதுக்குள்ள நம்பர் வாங்கிடுங்க சார், அப்புறம் வண்டியை எடுக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார். இதை அன்றே தங்கள் விற்பனைப் பிரதிநிதியிடம் தெரிவித்தேன். அதற்கு அவர், "போலீஸ் நிறுத்தினா எங்களுக்கு ஒரு போன் போடுங்க, நாங்க பேசிக்கிறோம்" என்றார். சாவி கொடுக்கும் நாளில் மாலை போட்டுப் படமெடுக்க அத்தனை பேரை நிறுத்தத் தெரிந்த நிறுவனம், சட்டத்துக்குப் பதிலாகத் தன் தொலைபேசி எண்ணைத் தருவது வேடிக்கையாக இருக்கிறது.

அந்தத் தேதி கடந்துவிட்டது. கார் வீட்டு வாசலில் நிற்கிறது; மாதத் தவணை மட்டும் தவறாமல் வங்கிக் கணக்கிலிருந்து போகிறது, அலுவலகத்துக்கு வாடகைக் காரில் போய்வருகிறேன். பதிவு இல்லாத வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 39ஆம் பிரிவு. அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். என் கவலை காப்பீட்டைப் பற்றியது. தற்காலிகப் பதிவு காலாவதியான ஒரு பொலிரோ வண்டி ஜோத்பூரில் திருடுபோன வழக்கில், காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்திருக்கிறது. தங்கள் ஊழியரின் பேச்சை நம்பி நான் வண்டியை எடுத்திருந்து ஏதேனும் நேர்ந்திருந்தால், முழுப் பணம் கட்டி வாங்கிய பாலிசி இருந்தும் நான் வெறுங்கையோடு நின்றிருப்பேன்.

ஆகவே, என்னிடம் பெற்ற வரித் தொகையை உடனே செலுத்தி, அதன் ரசீதையும் பதிவு விண்ணப்ப எண்ணையும் இக்கடிதம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாக அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே செலுத்தியிருந்தால், செலுத்திய தேதியையும் அது அரசின் பதிவில் ஏன் இல்லை என்பதையும் விளக்க வேண்டும். தாமதத்துக்காகப் போக்குவரத்துத் துறை விதிக்கும் அபராதம் எதுவாயினும் அதைத் தாங்களே ஏற்க வேண்டும். நான் செலவிட்ட வாடகைக் கார் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். அதற்கான பில்களை இணைத்துள்ளேன். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டைப் பொருத்தித் தருவதும் தங்கள் பொறுப்பே என்பதால், தற்காலிகப் பதிவு முடிந்த வண்டியை நான் ஷோரூமுக்கு ஓட்டிவருவேன் என்று எதிர்பார்க்காமல், தங்கள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.

குறித்த காலத்துக்குள் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வதோடு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகுவேன். இக்கடிதத்தின் நகல் வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கும் கடன் வழங்கிய வங்கிக் கிளைக்கும் அனுப்பப்படுகிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தாம்பரம்.

இணைப்பு: விலைப்பட்டியல், பணம் செலுத்திய ரசீதுகள், தற்காலிகப் பதிவுச் சான்றின் நகல், வாடகைக் கார் பில்கள்.