‘பொழுதுபோக்காக’ என்று போட்டுவிட்டீர்களே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் எங்கள் டீச்சரின் மறைவுச் செய்தி வந்திருந்தது. ஐந்து வரி. அதற்கு நன்றி. நான்காவது வரி இப்படி: ‘பணி ஓய்வுக்குப் பிறகு பொழுதுபோக்காகச் சமூக சேவையில் ஈடுபட்டு வந்தார்.’

டீச்சருக்குப் பொழுது போகாமல் இருந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பொழுது போதாமல் தவித்துத்தான் பார்த்திருக்கிறேன்.

தங்களுக்குத் தெரியாததா? 1991-ல் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்தார். மகளிர் தினம் வந்தால் அந்தக் கதையைத் தூசி தட்டி எடுத்துப் போடத் தங்கள் இதழ் தவறுவதே இல்லை. சரி, அந்தச் சைக்கிள்களுக்குப் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடியது யார் என்று ஒரு வருடமாவது எழுதினீர்களா? எங்கள் ஊரில் ஓடியவர் டீச்சர். பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் நாங்கள், பொழுது சாய்ந்தால் தெருவிளக்கடியில் எங்கள் அம்மாக்கள். லேடீஸ் சைக்கிளுக்கு அப்போது எங்கே போவது? பார் வைத்த வாடகைச் சைக்கிள்தான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பழகினார்கள். பல நாள் வாடகையும் டீச்சர் கையிலிருந்துதான் போயிற்று. பாடம் சொல்லிக்கொடுத்த தொண்டர்களுக்கு அந்த இயக்கத்தில் சம்பளம் கிடையாது என்பதையும் தாங்கள் அறிவீர்கள்.

என் அம்மாவுக்கு டீச்சர் ‘அ’னாவிலிருந்து தொடங்கவில்லை. முதல் நாளே அம்மாவின் பெயரைப் பலகையில் எழுதி, “இது நீதான், பார்த்துக்கோ” என்றார். அந்தப் பெயரில் ஒரு ‘சு’ வரும். அதன் வாலை எந்தப் பக்கம் வளைப்பது என்பதிலேயே ஒரு வாரம் போனது. அப்புறம் ஒருநாள் நகையை அடகு வைக்கப் போன இடத்தில், ரேகை வைக்க மை டப்பாவைத் தள்ளிய ஊழியரிடம், “பேனா இருந்தா குடுங்க” என்று அம்மா கேட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அந்த ஊழியர் பேனாவைத் தேடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

58 வயதில் டீச்சர் ஓய்வு பெற்றார். தங்கள் செய்தியின்படி பொழுதுபோக்கு ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்துப் போட்டதே, அந்தப் பொழுதுபோக்கையும் சொல்கிறேன். டீச்சர் வீட்டு ஓடுகள் பாதி பறந்துவிட்டன. ஊரில் பல நாள் கரண்ட் கிடையாது. தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து, விழுந்த தென்னைகளுக்கு நிவாரணம் கேட்டு ஊராருக்கெல்லாம் மனு எழுதினார். கார்பன் தாள் வைத்து நகல் வேறு. சுண்டுவிரலோரம் ஏறிய நீலம் சாப்பிடும்போதும் போகாது. மனு முடிந்ததும் யாராவது பழக்கதோஷத்தில் கட்டைவிரலை நீட்டினால் போச்சு. “தெருவிளக்கடியில நான் தொண்டை வறளக் கத்தினது எதுக்கு? கையெழுத்துப் போடு!”

தங்கள் நிருபரும் அந்தச் சமயத்தில் ஊருக்கு வந்தார். பாய், போர்வை வழங்கும் படம் வந்தது. மேடையில் நின்றவர்கள், மாலை போட்டவர்கள், வாங்கிக்கொண்டவர்கள் எல்லோருக்கும் பெயர் இருந்தது. யார் யாருக்குப் போர்வை வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுத்தவர் ‘மற்றும் பலர்’ ஆகிவிட்டார். படத்தின் ஓரத்தில் அவருடைய தோள் மட்டும் தெரிந்தது. அன்றைக்கும் தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வழியில் தொலைந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

செப்டம்பர் 5 வந்தால் ஆசிரியர் தினச் சிறப்பிதழ் போடுகிறீர்கள். பக்கத்துக்குப் பக்கம் கோச்சிங் சென்டர் விளம்பரம், நடுவே குரு வணக்கம் பற்றி நாலு வரி. நல்லாசிரியர் விருதுக்கு விண்ணப்பியுங்கள் டீச்சர் என்று ஒருமுறை நாங்கள் நச்சரித்தோம். “ஊருக்கெல்லாம் மனு எழுதுவேன், எனக்கு நானே எழுத வராது” என்று சிரித்துவிட்டார். விருது இல்லாததால்தான் தங்களுக்கு அவர் செய்தியாகத் தெரியவில்லையோ என்னவோ.

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022-ல் வந்தது. 15 வயதைத் தாண்டிய எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தன்னார்வலர்களை வைத்துச் சொல்லிக்கொடுப்பது. ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தது மாதிரி அதைக் கொட்டை எழுத்தில் போட்டீர்கள். 72 வயதில், கண்புரை ஆபரேஷன் செய்த கண்ணோடு, டீச்சர் மறுபடியும் அதே தெருவில் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய கட்டுரை எதுவும் கேட்கவில்லை. ‘பொழுதுபோக்காக’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, தவறாகப் போட்ட இனிஷியலையும் சரிசெய்து, அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிட்டால் போதும். இடம் இல்லையென்றால் ஒருநாள் ராசிபலனில் என் ராசியை விட்டுவிடுங்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

திருத்தம் எனக்காக இல்லை. அந்த ஐந்து வரியையும் அம்மா எழுத்துக்கூட்டித் தானே படித்தார். ‘பொழுதுபோக்காக’ வந்ததும் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, “என்னடி இது, தப்பா அச்சடிச்சிருக்கான்?” என்று கேட்டார். ஆமாம்மா, அச்சுப்பிழைதான், சரிபண்ணிப் போடுவார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தினமும் காலையில் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பிரிக்கிறார்.

இப்படிக்கு,
டீச்சரின் மாணவி ஒருத்தி,
புதுக்கோட்டை மாவட்டம்.