நம்மூர்ப் பட்டறைக்கு எட்டாததா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் புயல் ஷட்டர்கள், மிதக்கும் படகுத்துறைகள் பற்றி வந்த நான்கு பக்கக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் பளிச்சென்று இருந்தன. ஃப்ளோரிடாவில் வீட்டு ஜன்னலை எப்படி அடைக்கிறார்கள், படகுத்துறையை எப்படிக் கழற்றி மாட்டுகிறார்கள் என்று சுவாரசியமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மூன்றாம் பக்கத்தில் அந்த வரி வரும்வரை. "இவையெல்லாம் நம்மூர்ப் பட்டறைகளுக்கு இன்னும் எட்டாத தொழில்நுட்பம்." ரொம்ப சந்தோஷம். எழுதியவர் எந்த ஊர்ப் பட்டறையில் ஏறி இறங்கிவிட்டு இதை எழுதினார் என்று கேட்டுச் சொன்னால் நானும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

நான் நாகப்பட்டினத்தில் 31 வருடமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். படகுக்கு இரும்புச் சாமான், கடைக்கு ஷட்டர், வீட்டுக்கு கேட், கிரில், எது வந்தாலும் செய்வோம். உங்கள் பத்திரிகையையும் ஏறக்குறைய அவ்வளவு வருடமாக வாங்குகிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்கள் பக்கம் கரையைக் கடந்தது. தென்னை சாய்ந்தது, ஓடு பறந்தது, கரண்ட் இல்லாமல் கிடந்தோம், இதெல்லாம் நீங்களே வாரா வாரம் எழுதியதுதான், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் எழுதாமல் விட்டது ஷட்டர். அன்று காலை கடைத்தெருவில் வரிசையாகப் பார்த்தேன், பூட்டு பூட்டியபடி அப்படியே இருக்கிறது, ஷட்டர் மட்டும் நடுவயிறு ஒட்டி உள்ளே போயிருக்கிறது. பூட்டு என்ன செய்யும் பாவம். காற்று தள்ளும்போது ஷட்டரின் ஒவ்வொரு பட்டையும் வில் மாதிரி உள்ளே வளைகிறது, வளைந்தால் அதன் இரண்டு முனையும் பக்கவாட்டுச் சேனலை, அதாவது பட்டை ஓடும் தடத்தை, விட்டு நழுவுகிறது, ஒரு பட்டை கழன்றால் போதும், மேலே கீழே இருப்பதெல்லாம் கூடவே வந்துவிடும். அப்புறம் காற்று கடைக்குள் புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கும். உள்ளே இருந்த அரிசி மூட்டை நனைந்ததைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள், தகரம் ஏன் போனது என்று யாரும் கேட்கவில்லை.

பத்தடி அகலம், எட்டடி உயரக் கடை. மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொண்டால் அந்த ஷட்டரின் மேல் விழும் பாரம் ஏறக்குறைய 500 கிலோ. ஏழெட்டுப் பேர் அதன் மேல் ஏறிப் படுத்த கனம். நடுவில் முட்டுக்கொடுக்க ஒரு கால் நிறுத்தினால் பத்தடி பட்டை இரண்டு ஐந்தடியாகிறது, வளைவு பாதியாகக் குறையும் என்று நினைப்பீர்கள், கணக்குப்படி பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், ஐடிஐ-யில் படித்தவனுக்கும் கணக்கு வரும்.

நடுக்கால் கொடுக்கலாம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். கால் ஷட்டருக்கு உள்பக்கம் இருக்க வேண்டும், கடைக்காரர் வெளியே போக வேண்டும், கடைக்கோ ஒரே வாசல். இந்த ஒரு சிக்கலுக்கு எனக்கு மூன்று மாதம் ஆனது. கடைசியில் சதுரக் குழாய் ஒன்றை மேலே கீல் வைத்துத் தொங்கவிட்டேன். ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டு வெளியே வந்து, குனிந்து கையை உள்ளே விட்டுத் தள்ளினால், குழாயின் அடியில் இருக்கும் ஸ்பிரிங் முளை தரையில் உள்ள குழிக்குள் தானாக விழும், 'டக்' என்று சத்தம் கேட்கும், அப்புறம் ஷட்டரை முழுதாக இறக்கிப் பூட்டிக்கொள்ளலாம். முதலில் செய்ததில் அந்தக் குழி ஒரே வாரத்தில் மணலும் வெற்றிலை எச்சிலுமாக அடைத்துக்கொண்டது. அதற்குப் பித்தளையில் மரை போட்டு ஒரு மூடி கடைந்தோம், எட்டணா அகலம், நடுவில் காசு வைத்துத் திருகுகிற பள்ளம். ஆசிரியர் அவர்களே, ஃப்ளோரிடாக்காரன் செய்தால் கண்டுபிடிப்பு, நான் செய்தால் ரிப்பேர் வேலையா?

2020-இல் நிவர் வரப்போகிறது என்றதும் ஒரே வாரத்தில் 19 பேர் நடுக்கால் வாங்கினார்கள். அது மரக்காணம் பக்கம் போய்க் கரையேறிவிட்டது. மறுநாள் காலை இரண்டு பேர் திருப்பிக் கொடுக்க வந்தார்கள்.

அமெரிக்கக்காரர்களைக் குறை சொல்லவில்லை. 1992-இல் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃப்ளோரிடாவைச் சூறையாடிய பிறகு அவர்கள் சட்டத்தை மாற்றினார்கள். ஷட்டர் விற்க வேண்டுமென்றால் நாலு கிலோ மரச்சட்டத்தை வினாடிக்கு 50 அடி வேகத்தில் அதன் மேல் சுட்டுக் காட்ட வேண்டும், அதன் பிறகு 9,000 தடவை அழுத்தியும் இழுத்தும் பார்ப்பார்கள். உங்கள் கட்டுரையில் இது ஒரு பெட்டிச் செய்தியாக வந்தது, நியாயமாகக் கட்டுரையே இதுவாக இருந்திருக்க வேண்டும். அங்கே சட்டம் கேட்டது, பட்டறை செய்து கொடுத்தது. இங்கேயும் ஐஎஸ் (இந்தியத் தரநிலை) 15498 என்று புயல் தாங்கும் வீடுகளுக்கான விதிமுறை 2004 முதலே இருக்கிறது. என் 31 வருடத்தில் அதைச் சொல்லி என்னிடம் ஜன்னல் கேட்டு வந்தவர் ஒருவர்கூட இல்லை. எங்கள் அம்மா எந்த விதிமுறையும் படிக்காமல் கீற்றுக் கூரை மேல் பழைய வலையை விரித்து நாலு மூலையிலும் மணல் மூட்டை கட்டுவார், கதவுக்கு உள்ளே உலக்கையைக் குறுக்கே கொடுப்பார். கேட்க ஆள் இல்லாததற்குப் பட்டறைக்காரன் தலையில் பழியா?

பேடன்ட் வாங்க வேண்டியதுதானே என்பீர்கள். போனேன். தனி ஆள் இணையத்தில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசீலனைக்கு 4,000. நான் பிடித்த முகவர் 35,000 வாங்கிக்கொண்டார். எட்டு மாதம் கழித்து, தெரிந்த சாமான்களை இடம் மாற்றி வைப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்று சட்டத்தில் 3(எஃப்) இருக்கிறது சார், நிற்காது என்றார். பணம் வாங்கும்போது அந்தப் பிரிவு எங்கே போயிருந்தது? தெரிந்த குழாயையும் தெரிந்த கீலையும் இடம் மாற்றி வைத்துத்தான் நான் இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தேன்.

மிதக்கும் துறைக் கதை இன்னும் மோசம். கருப்புப் பிளாஸ்டிக் பெட்டிகளைக் கோத்து மிதக்கவிட்டு, கரையில் நட்ட தூணில் வளையம் போட்டு நிறுத்துவார்கள், தண்ணீர் ஏறினால் வளையமும் ஏறும், இறங்கினால் இறங்கும். ஊர் பெயர் வேண்டாம், ஒரு இடத்தில் அந்த வளையத்தை 304 ரக எஸ்எஸ்-ஸில் (துருப்பிடிக்காத எஃகில்) செய்து மாட்டியிருந்தார்கள். உப்புத் தண்ணீருக்கு 316 வேண்டும், அதில்தான் உப்பு அரிப்பைத் தாங்க வைக்கும் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது, இதைச் சொன்னதற்கு ஒப்பந்தக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இரண்டாவது மழைக்காலத்தில் போல்ட் தலையெல்லாம் புள்ளி புள்ளியாக அரித்து, வளையம் தூணில் சிக்கி, துறை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. தூணும் குட்டை. புயலில் கடல் எழும்பினால் வளையம் தூணின் தலை வழியே கழன்று துறை முழுதாகப் போய்விடும், அதையும் சொன்னேன். வளையத்துக்குள் உருளுகிற மாதிரி நாலு நைலான் உருளை, ஒரே ஒரு பின்னை உருவினால் தண்ணீரில் நின்றபடியே மாற்றிக்கொள்ளலாம், மாதிரி செய்து வைத்தேன். ஒரு அதிகாரி வந்தார், உருட்டிப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார், பஜ்ஜி சாப்பிட்டார். வெளிநாட்டு வளையம் ஐந்து மாதம் கழித்து வந்து இறங்கியது. அதுவரை விசைப்படகுக்காரர்கள் பழைய டயரையும் கயிற்றையும் வைத்துச் சமாளித்தார்கள்.

இன்னொன்று. அந்தக் கட்டுரையில் இரண்டு இடத்தில் 'கேட்டமரான் வகைப் படகு' என்று அச்சாகியிருக்கிறது. கட்டுமரம், ஐயா. நம் வாயிலிருந்து போன சொல், அதைத் திரும்ப வாங்கும்போதாவது நம் பெயரில் வாங்கக் கூடாதா? மெய்ப்புப் பார்ப்பவர் கடற்கரைப் பக்கமே போனதில்லை போலிருக்கிறது.

நம்மூர்ப் பட்டறை எதுவும் உங்கள் கண்ணில் படவில்லை என்றும் சொல்ல முடியாது. 2019 மார்ச்சில் நடுக்காலைப் பற்றி ஆறு பக்கம் எழுதி, அளவுகளோடு படம் வரைந்து, இரண்டு புகைப்படமும் வைத்து உங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். வாசகர் பகுதியில் "ஷட்டர்கள் புயலைத் தாங்குமாறு அமைய வேண்டும் என்கிறார் ஒரு நாகை வாசகர்" என்று ஒன்றரை வரி வந்தது. அதே பக்கத்தில் கொழுக்கட்டை விரியாமல் இருக்க யோசனைக்கு அரைப் பக்கம். கொழுக்கட்டைக்கு நான் விரோதி இல்லை.

மறுப்பு போடுங்கள் என்று கேட்கவில்லை, போடமாட்டீர்கள் என்று தெரியும். அந்த இரண்டு புகைப்படத்தைத் திருப்பி அனுப்பினால் போதும். ஒன்று பித்தளை மூடி. மற்றதில் நடுக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் என்னிடம் 22 வருடம் வேலை பார்த்த மேஸ்திரி, ஸ்பிரிங் முளை அவர் சொன்ன யோசனை. போன வருடம் காலமாகிவிட்டார், அவர் வீட்டில் கேட்கிறார்கள், என் பழைய போன் தண்ணீரில் விழுந்ததில் வேறு பிரதி இல்லை. விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டிய உறை இத்துடன் இருக்கிறது. படம் மடங்காமல் இருக்க உறைக்குள் ஒரு அட்டையும் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நாகை வாசகர்